மாடி நமக்கு, கீழ்வீடு தேனீக்கு

இந்தக் கதையில் தேனீக்கள் பேசும். கோபப்படும். புகார் சொல்லும். அது கற்பனை. ஆனால் அவை செய்கிற வேலை எல்லாம் உண்மை. படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. காலிப் பெட்டி

கர்நாடகத்தில் குடகு என்று ஒரு மாவட்டம். காவிரி பிறக்கும் தலைக்காவிரி அங்கேதான் இருக்கிறது. மலைச்சரிவு எங்கும் காப்பித் தோட்டம். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பல குடும்பங்கள் அங்கே போய்த் தங்கிவிட்டன. அப்படித் தங்கிய குடும்பம்தான் பொன்னம்மாவின் குடும்பம். கணவர் முருகேசன். மகள் செல்வி எட்டாம் வகுப்பு படித்தாள்.

அவர்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தேன்பெட்டி இருந்தது. பெட்டிதான் இருந்தது. உள்ளே தேனீ இல்லை.

முந்தின வருஷம் அதில் தேனீ இருந்தது. பொன்னம்மா மே மாதம் தேன் எடுத்தாள். மேல் அறையில் இருந்ததை எடுத்தாள். கீழ் அறையில் இருந்ததையும் ஒரு சொட்டு விடாமல் வழித்து எடுத்தாள். ஜூன் மாதம் மழை பிடித்தது. குடகு மழை சாதாரண மழை அல்ல. நாள் கணக்கில் விடாது பெய்யும். தேனீ வெளியே போக முடியவில்லை. போனாலும் பூ இல்லை. வீட்டிலும் சாப்பாடு இல்லை.

ஜூலையில் ஒருநாள் பொன்னம்மா பெட்டியைத் திறந்தாள். ஒரு தேனீகூட இல்லை. எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. அடையில் மெழுகுப்பூச்சி நூலாம்படை போல வலை பின்னியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் தேனீ வளர்த்தவர். கன்னடத்தில் தேனுக்கு ஜேனு என்று பெயர். தாத்தாவுக்கு அஜ்ஜா என்று பெயர். பிள்ளைகள் அவரை ஜேனு அஜ்ஜா என்று கூப்பிடுவார்கள். அவர் பேசுவது பாதி கன்னடம், பாதி தமிழ். மழை விட்டதும் பொன்னம்மா அவரிடம் போனாள்.

"இன்னொரு கூட்டம் குடுங்க அஜ்ஜா."

அஜ்ஜா உடனே தரவில்லை. பழைய கதை ஒன்று சொன்னார்.

"1991, 1992 வருஷம் அது. தேனீக்கு ஒரு வைரஸ் நோய் வந்தது. கேரளா, தமிழ்நாடு, கர்நாடகா, எங்கே பார்த்தாலும் அதே நோய். புழு எல்லாம் தண்ணி கட்டின பை மாதிரி ஊதிச் செத்தது. என்கிட்டே இருபது பெட்டி இருந்தது. ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஒன்றைக் கண்ணு மாதிரி காப்பாற்றித்தான் மறுபடி பத்து ஆக்கினேன். அதிலே ஒன்றை உனக்குத் தந்தேன். நீ பட்டினி போட்டு விரட்டிட்டே."

பொன்னம்மா தலை குனிந்தாள். "தெரியாமப் போச்சு அஜ்ஜா."

"சரி, தர்றேன். ஒரு நிபந்தனை. பத்து நாளுக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்க்கணும். திறக்கிற நாளெல்லாம் நான் ஒரு கதை சொல்வேன். நீ அதைக் கேட்டு நோட்டிலே எழுதணும்."

"நானா? மாலை வகுப்பிலே இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் பழகறேன்."

"அப்போ சின்னக் கதையாச் சொல்றேன்" என்றார் அஜ்ஜா.

2. இரண்டு மாடி வீடு

அஜ்ஜா மரப்பொந்தில் இருந்த ஒரு கூட்டத்தைப் பிடித்து வந்தார். பெட்டியில் குடியேற்றினார். பெட்டியின் கால்களை நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார். எறும்பு ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு.

"இந்தப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பேர். நியூட்டன் என்று ஒரு பாதிரியார். 1910-களில் திருச்சிப் பக்கம் இருந்தார். நம்ம இந்தியத் தேனீ உருவத்திலே சின்னது. அதற்குத் தக்கபடி அளவெடுத்துச் செய்த பெட்டி இது. பெட்டியும் உங்க ஊர்க்காரன்தான் பொன்னம்மா!"

பிறகு பெட்டியின் இரண்டு அடுக்கையும் காட்டினார்.

"கீழே பெரிய அறை. அதுதான் வீடு. ராணி, முட்டை, புழு, வீட்டுச் சாப்பாடு எல்லாம் அங்கே இருக்கும். மேலே சின்ன அறை. அதுதான் மாடி. பூ நிறையப் பூத்தால் மிச்சத் தேனை மாடியில் வைக்கும். மாடி நமக்கு. கீழ்வீடு தேனீக்கு. இதை முதலில் எழுது."

பொன்னம்மா எழுதினாள். அந்த ஒரு வரிக்கு அரைப் பக்கம் ஆனது.

3. சின்னி பிறந்தாள்

மார்ச் மாதம் 8-ஆம் தேதி. அஜ்ஜா தேங்காய் நாரில் லேசாகப் புகை காட்டினார். தேனீக்கள் விலகின. கீழ் அறையிலிருந்து ஒரு சட்டத்தை மெதுவாகத் தூக்கினார். சட்டம் நிறைய மெழுகு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஆறு பக்கம். ஓர் அறையின் மூடியை உள்ளேயிருந்து யாரோ கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது.

"பிறக்குது, பிறக்குது!" என்று செல்வி கத்தினாள்.

பிறந்த தேனீ வெளிறிப்போய் இருந்தது. உடம்பெல்லாம் பூனைமுடி. அதற்கு இன்னும் கொட்டத் தெரியாது. செல்வி ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு கொண்டுவந்தாள். ஊக்கு முனையால் அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். சின்னி என்று பெயரும் வைத்தாள்.

அஜ்ஜா கதை சொன்னார்.

"சின்னி வெளியே வந்தாள். 'எனக்குப் பிறந்தநாள். பாயசம் எங்கே?' என்று கேட்டாள். அக்காமார் சிரித்தார்கள். 'பாயசமா? திரும்பிப் பார். நீ பிறந்த அறை எப்படிக் கிடக்குது! முதலில் அதைச் சுத்தம் பண்ணு. சுத்தமான அறையில்தான் அம்மா அடுத்த முட்டை வைப்பாள்' என்றார்கள். சின்னி அழுதுகொண்டே அறையை நக்கிச் சுத்தம் செய்தாள். அதுதான் அவள் முதல் வேலை."

"அடுத்தது?" என்றாள் செல்வி.

"நாளுக்கு நாள் வேலை மாறும். முதலில் துப்புரவு. அப்புறம் குழந்தைப் புழுக்களுக்குச் சாப்பாடு ஊட்டும் ஆயா. பிறகு வயிற்றிலிருந்து மெழுகு சுரக்கும். அப்போது கொத்தனார். பிறகு தேன் கிடங்கில் வேலை. அதற்கப்புறம் வாசலில் காவல். ஏறக்குறைய மூன்று வாரம் ஆன பிறகுதான் பூவுக்குப் போவாள்."

அன்று இரவு பொன்னம்மா நோட்டில் எழுதினாள்: மார்ச் 8. ஒரு குழந்தை பிறந்தது. பெயர் சின்னி. வேலை துப்புரவு.

4. ராணியின் புகார்

மார்ச் 18. அன்று ராணி கண்ணில் பட்டாள். மற்றத் தேனீக்களை விட நீளமாக இருந்தாள். அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது.

"பாரும்மா, ராணின்னா ராணிதான். நாலு பேர் ஊட்டி விடறாங்க. அவ சொன்னா எல்லாரும் கேட்கணும்" என்றாள் செல்வி.

"அவளையே கேட்போம்" என்றார் அஜ்ஜா. குரலை மெலிதாக்கிக்கொண்டு ராணி போலப் பேசினார்.

"நான் என்ன ராணி! கல்யாணத்துக்காக வெளியே பறந்தேன். அதோடு சரி. திரும்பி வந்ததிலிருந்து இந்த இருட்டில்தான் இருக்கிறேன். முட்டை இடு, முட்டை இடு என்கிறார்கள். ஒரு நாளைக்குச் சில நூறு முட்டை. வாய்க்கு வாய் ஊட்டுகிறார்கள் என்று பொறாமைப்படாதே. வேலை குறைந்தால் தெரியும் சேதி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வேறு ராணியை வளர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதிகாரம் எனக்கா? அவர்களுக்கா?"

பொன்னம்மா சிரித்தாள். "புது ராணியை எங்கேயிருந்து கொண்டு வருவாங்க?"

"எங்கேயும் போக வேண்டாம். வேலைக்காரத் தேனீ பிறக்கிற அதே முட்டைதான். பெரிய அறையிலே வைப்பாங்க. ஆயா தேனீக்களின் தலையிலே பால் மாதிரி ஒரு கூழ் சுரக்கும். மற்றப் புழுவுக்கு அதை முதல் மூன்று நாள் தருவாங்க. பிறகு தேனும் மகரந்தமும்தான். ராணிப் புழுவுக்கு மட்டும் கடைசி வரைக்கும் அந்தக் கூழ். அதிலேயே அது ராணியாகிவிடும்."

"ஒரே முட்டைதானா? சாப்பாடும் இடமும் மட்டும்தான் வேறயா?" என்று பொன்னம்மா கேட்டாள். கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். அந்த ஜூனில் செல்வியை விராஜ்பேட்டையில் விடுதியில் சேர்த்து ஒன்பதாம் வகுப்பு படிக்க வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது.

5. மாப்பிள்ளைகள்

மார்ச் 28. அன்று முருகேசனும் பெட்டி பார்க்க வந்தான்.

அடையில் சில தேனீக்கள் கறுப்பாகவும் தடியாகவும் இருந்தன. கண் பெரிதாக இருந்தது. "இது என்ன, ராஜாவா?" என்று கேட்டான்.

"ராஜா இல்லை. மாப்பிள்ளைகள். ஆண் தேனீ" என்றார் அஜ்ஜா. "இவர்களுக்குக் கொடுக்கு கிடையாது. தேன் எடுக்கத் தெரியாது. வீடு கூட்டத் தெரியாது. வாசலில் திருடன் வந்தால் உள்ளே ஓடி வருவார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ஆஜர். மத்தியானம் வெயில் வந்ததும், 'பெண் பார்க்கப் போகிறோம்' என்று கிளம்புவார்கள். பெண் கிடைக்காவிட்டால் பசியோடு திரும்பி வருவார்கள். 'என்ன சமையல்?' என்பார்கள்."

பொன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முருகேசன் தொண்டையைக் கனைத்தான்.

"ரொம்பச் சிரிக்காதே. அவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. புது ராணி பறக்கும்போது பல ஆண்கள் அவளோடு கூடுவார்கள். கூடியதும் செத்துவிடுவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் கூட்டத்துக்கு அடுத்த தலைமுறை இல்லை. மற்ற ஆண்கள் தின்று திரிவார்கள். ஆனால் பஞ்சம் வந்தால் அக்காமார் பொறுக்க மாட்டார்கள். இறக்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து தள்ளிவிடுவார்கள்."

அன்று சாயங்காலம் முருகேசன் யாரும் சொல்லாமலே தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். பொன்னம்மா அதையும் நோட்டில் எழுதினாள்.

6. சின்னியின் ஆட்டம்

மார்ச் கடைசியில் பூமழை பெய்தது. காப்பிச் செடி இந்த மழைக்குத்தான் காத்திருக்கும். மழை பெய்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளைவெளேர் என்று பூத்தது. ஊரே மல்லிகைப்பூ வாசம் அடித்தது.

காப்பிப் பூ நான்கைந்து நாள்தான் இருக்கும். அதற்குள் தேனீக்கு ஆயிரம் வேலை. அதனால் தோட்டத்துக்கும் லாபம். ரொபஸ்டா காப்பி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு செடியின் மகரந்தம் வர வேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும். தேனீயும் கொண்டுவரும்.

ஏப்ரல் 7. செல்விதான் முதலில் பார்த்தாள். "அம்மா, சின்னி! சிவப்புப் பொட்டு!"

சின்னி அடையின் மேல் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். நேராகக் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே நடந்தாள். வலது பக்கம் சுற்றித் திரும்பி வந்தாள். மறுபடி ஆடி நடந்தாள். இடது பக்கம் சுற்றி வந்தாள். அஜ்ஜா சின்னியின் குரலில் சொன்னார்:

"அக்காமாரே, ஓடி வாருங்கள்! வாயால் வழி சொல்ல எனக்குத் தெரியாது. ஆடிக் காட்டுகிறேன். மேல்நோக்கி ஆடினால் சூரியன் இருக்கும் பக்கம் போங்கள். கீழ்நோக்கி ஆடினால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் போங்கள். வலப்பக்கம் சாய்ந்து ஆடினால் சூரியனுக்கு வலப்பக்கம். கொஞ்ச நேரம் ஆடினால் பூ பக்கத்தில். ரொம்ப நேரம் ஆடினால் தூரத்தில். என் மேல் ஒட்டியிருக்கும் வாசம் பிடித்துப் பாருங்கள். இதுதான் அந்தப் பூ!"

"இதெல்லாம் நிஜமா அஜ்ஜா?" என்றாள் செல்வி.

"நிஜம். கார்ல் வான் ஃபிரிஷ் என்று ஒரு விஞ்ஞானி. தேனீயோட இந்த ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தார். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு தந்தார்கள்."

பொன்னம்மா சின்னியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதப் படிக்கத் தெரியாதவ எவ்வளவு சேதி சொல்றா பாரு" என்றாள்.

7. திருடனுக்கு வெந்நீர் இல்லாத குளியல்

ஏப்ரல் 14. வாசலில் ஒரு பெரிய கதண்டு சுற்றியது. தேனீயைப் பிடித்துத் தின்னும் குளவி அது.

முதலில் காவல் தேனீக்கள் எல்லாம் சேர்ந்து உடம்பைச் சிலிர்த்தன. கதண்டு பயப்படவில்லை. வாசலில் இறங்கியது. அடுத்த நொடி, கதண்டைக் காணோம். அதன் மேல் ஒரு தேனீப் பந்து உருண்டது.

"கதண்டு தோல் தடிப்பு. கொடுக்கு இறங்காது. அதனால் சுற்றி நெருங்கி நின்று உடம்பைக் குலுக்கிச் சூடாக்கும். 'அண்ணே, குளிருதா? கணப்பு மூட்டவா?' என்று கேட்டுக் கேட்டுச் சூடாக்கும். அந்தச் சூட்டை தேனீ தாங்கும். கதண்டு தாங்காது" என்றார் அஜ்ஜா.

கொஞ்ச நேரத்தில் பந்து பிரிந்தது. கதண்டு செத்துக் கிடந்தது. தேனீக்கள் ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குப் போயின.

முருகேசன் சொன்னான்: "ஒத்தை ஆளா இருந்தா செத்துப் போயிருக்கும். சேர்ந்து நின்னதாலே பிழைச்சுது." அதையும் பொன்னம்மா எழுதிக்கொண்டாள்.

8. தேன் எடுக்கும் நாள்

மே மாதம் 4-ஆம் தேதி. மாடி அறையைத் திறந்தார்கள். அடை எல்லாம் வெள்ளை மெழுகு மூடி போட்டிருந்தது. பழுத்த தேனுக்குத்தான் தேனீ மூடி போடும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம். எடுத்தால் புளித்துப்போகும்.

அஜ்ஜா கத்தியால் மூடியைச் சீவினார். தேன் எடுக்கும் எந்திரத்தில் அடையை வைத்துச் சுற்றினார். தேன் மட்டும் தெறித்து விழுந்தது. அடை உடையாமல் அப்படியே பெட்டிக்குத் திரும்பியது. மொத்தம் 5 கிலோ. கிலோ 400 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. 2,000 ரூபாய் வரும்.

செல்வி விடுதிக்குப் போகப் பெட்டி, படுக்கை, துணி, புத்தகம் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆகும். இன்னும் 1,200 ரூபாய் குறைந்தது.

அஜ்ஜா போன பிறகு முருகேசன் கீழ் அறையைத் திறந்து பார்த்தான். ஓரத்துச் சட்டங்களில் தேன் நிறைந்து நின்றது.

"இந்தா பொன்னம்மா, இங்கே மூணு கிலோவுக்குக் குறையாது. மூணு நாலு பன்னிரண்டு. 1,200 ரூபாய். கணக்குச் சரியாப் போச்சு. வழிச்சு எடுத்துடலாம்."

பொன்னம்மா பேசவில்லை. கத்தி கையில் இருந்தது. செல்வியின் படிப்பு ஒரு பக்கம். அஜ்ஜாவுக்குத் தந்த வாக்கு ஒரு பக்கம்.

"அம்மா, சின்னி எங்கே? நானும் பத்து நாளாத் தேடறேன்" என்றாள் செல்வி.

பொன்னம்மா கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். பக்கம் திருப்பினாள். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"ஏப்ரல் 24. சின்னியைக் காணோம். அஜ்ஜா சொன்னார். வேலைக்காரத் தேனீக்குப் பூக்காலத்தில் ஆயுசு ஆறு வாரம். சின்னி பூவுக்குப் போன இடத்தில் செத்திருப்பாள். இறக்கை கிழியும் வரைக்கும் வேலை செய்தாள். அவள் கொண்டுவந்த தேன் பெட்டியில் இருக்கிறது. அது மழைக்காலத்துக்கு. மழைக்காலத்தில் சின்னி இருக்க மாட்டாள். தங்கச்சிகள் இருப்பார்கள்."

படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. முருகேசன் காத்திருந்தான்.

"தான் குடிக்கப் போறதில்லேன்னு தெரிஞ்சும் சேர்த்து வச்சிருக்காங்க. அதை நாம எடுக்கணுமா?" என்றாள் பொன்னம்மா.

"படிப்பு?"

செல்வி நோட்டை வாங்கினாள். பென்சிலால் கணக்குப் போட்டாள். "கீழ்த்தேனை எடுத்தா இந்த வருஷம் 1,200 ரூபாய் லாபம். தேனீ ஓடிப்போச்சுன்னா அடுத்த வருஷம் 2,000 ரூபாய் நஷ்டம். அதுக்கடுத்த வருஷமும் நஷ்டம். கூட்டமும் இல்லே. அஜ்ஜா மறுபடி தர மாட்டார்."

முருகேசன் கணக்கைப் பார்த்தான். கீழ் அறையை மூடினான்.

மறுநாள் பொன்னம்மா மகளிர் சங்கத்தில் 1,200 ரூபாய் கடன் கேட்டாள். மாதம் 100 ரூபாய் வீதம் ஒரு வருஷத்தில் கட்ட வேண்டும். வட்டி தனி. கடன் தாளைத் தானே படித்துப் பார்த்தாள். கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

9. மழை

ஜூன் வந்தது. செல்வி விராஜ்பேட்டைக்குப் போனாள். மழையும் வந்தது.

பத்து நாள் வெயிலே இல்லை. பெட்டி வாசலில் நடமாட்டம் இல்லை. மழையில் பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே குளிர் போகும். பொன்னம்மா தினமும் பெட்டியில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே 'உம்' என்று ஒரு சத்தம். அது கேட்டால் போதும், அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு ராத்திரி காற்று பலமாக அடித்தது. முருகேசன் எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது தொப்பல் தொப்பலாக நனைந்திருந்தான்.

"எங்கே போனீங்க?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு" என்றான். காலையில் பார்த்தால் பெட்டி மேல் ஒரு தகரம். தகரத்தின் மேல் இரண்டு கல்.

ஜூலையில் அஜ்ஜா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். எடை குறைந்திருந்தது. "கீழ்வீட்டுத் தேன் தீர்ந்துக்கிட்டே வருது" என்றார். சர்க்கரைப் பாகு வைக்கக் கற்றுக் கொடுத்தார். ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். காய்ச்சி ஆறவைத்து, சாயங்காலம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளியே சிந்தக் கூடாது. சிந்தினால் எறும்பு வரும். வேறு கூட்டத்துத் தேனீயும் திருட வரும்.

"கீழ்த்தேனையும் எடுத்திருந்தா?" என்று பொன்னம்மா கேட்டாள்.

"ஜூன் மாசமே போயிருக்கும்" என்றார் அஜ்ஜா.

10. நோட்டின் கடைசிப் பக்கம்

தசரா விடுமுறைக்குச் செல்வி வீட்டுக்கு வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பின்பக்கம் ஓடினாள். மழை விட்டு வெயில் அடித்தது. பெட்டி வாசலில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. வரும் தேனீக்களின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை. மகரந்தம்.

"அம்மா, நோட்டு எங்கே?"

பொன்னம்மா நோட்டைத் தந்தாள். எழுத்து சின்னதாகியிருந்தது. ஒரு வரிக்கு அரைப் பக்கம் ஆவதில்லை. செல்வி மழைக்காலம் முழுவதையும் படித்தாள். சத்தம் கேட்டது. சத்தம் கேட்டது. இன்று பாகு வைத்தேன். சங்கத்துக்கு 100 ரூபாய் கட்டினேன். சத்தம் கேட்டது.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

அக்டோபர் 4. மழை விட்டது. பெட்டியைத் திறந்தோம். ஒரு குழந்தை பிறந்தது. பெயர் வைக்கவில்லை. செல்வி வந்து வைக்கட்டும்.

தெரிந்துகொள்வோம்

* மூடி போட்ட தேனை மட்டும் எடுங்கள். மாடி அறையில் இருப்பதை மட்டும் எடுங்கள்.
* தீப்பந்தம் கொளுத்தித் தேனீயை எரிக்காதீர்கள். அடையைப் பிழியாதீர்கள். பிழிந்தால் புழுவும் சேர்ந்து நசுங்கும்.
* பூ பூத்திருக்கும்போது செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேனீ செத்துவிடும்.
* பெட்டியைத் திறக்கும்போது முகத்துக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.
* ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தரக் கூடாது. நாக்கில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

கணக்குப் போடுவோம்

1. பொன்னம்மாவுக்கு 5 கிலோ தேன் கிடைத்தது. ஒரு கிலோ 400 ரூபாய். மொத்தம் எவ்வளவு?
2. சங்கக் கடன் 1,200 ரூபாய். மாதம் 100 ரூபாய் கட்டுகிறாள். அக்டோபர் வரை 5 தவணை கட்டிவிட்டாள். வட்டி நீங்கலாக இன்னும் எவ்வளவு பாக்கி?

பேசுவோம்

1. பொன்னம்மாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் கீழ்த்தேனை எடுத்திருப்பீர்களா? ஏன்?
2. ராணிக்கு அதிகாரமா, வேலைக்காரத் தேனீக்களுக்கு அதிகாரமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
3. உங்கள் ஊரில் எந்த மாதம் எந்த மரம் பூக்கும்? எந்த மாதம் பூவே இருக்காது?

எழுதுவோம்

அக்டோபர் 4-ஆம் தேதி பிறந்த தேனீக்கு ஒரு பெயர் வையுங்கள். அதன் முதல் நாளைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.